புள்ளியின் ஓரமும் முகத்தின் வெளுப்பும்

கேள்வி: திருப்பூரில் சிறிய அளவில் பனியன் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறேன். பாரதியார் படம் ஒன்றை ஒற்றைக் கறுப்பில், புள்ளி புள்ளியாகத் தெரியும்படி வெள்ளை டி-ஷர்ட்டில் அடிக்க ஆர்டர் வந்தது. இல்லஸ்ட்ரேட்டரில் கலர் ஹாஃப்டோன் எஃபெக்ட் போட்டேன். திரையில் பிரமாதமாக இருந்தது. பிலிம் எடுத்துப் பார்த்தால் புள்ளிகளின் ஓரமெல்லாம் பிசிறு. இமேஜ் டிரேஸ் செய்து பார்த்தேன். ஓரம் கொஞ்சம் தேறியது, ஆனால் தலைப்பாகையின் மடிப்புகள் காணாமல் போயின. பிறகு நண்பர் ஒருவர் சொன்னபடி இங்க்ஸ்கேப்பில் வட்டங்களை அடுக்கிச் செய்தேன். இப்போது ஓரம் சுத்தமாக இருக்கிறது, முகம் மட்டும் வெளுத்துவிட்டது. வெக்டர் மென்பொருளில் செய்தால் எதுவும் கெடாது என்பார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன: ஓரம் ஏன் பிசிறடித்தது, மடிப்புகள் ஏன் மறைந்தன, முகம் ஏன் வெளுத்தது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றில் முகம் வெளுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இந்தத் தொழிலில் ஊறியவர்களிலும் பலர் அதைப் பார்த்ததும் மூலப் படம் சரியில்லை என்று முடிவுகட்டி, படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கிச் சமாளித்துவிடுவார்கள். நீங்கள் ஏன் என்று கேட்டுவிட்டீர்கள்.

முதலில் வெக்டரில் எதுவும் கெடாது என்ற நம்பிக்கையைப் பார்த்துவிடுவோம். வெக்டர் என்றால் படத்தைக் கோடுகளாகவும் வளைவுகளாகவும் கணக்கில் வைத்திருப்பது. வட்டத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் மென்பொருள் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் புதிதாக வரைந்துகொள்ளும், ஓரம் கெடாது. ராஸ்டர் என்றால் படத்தைப் பிக்சல் எனும் சிறு சதுரங்களால் நிரப்பி வைத்திருப்பது. பெரிதாக்கினால் சதுரங்கள்தான் பெரிதாகும். இதுவரை உங்களுக்குத் தெரிந்ததே. பலரும் தவறவிடுவது அடுத்த படியை: வெக்டர் மென்பொருளுக்குள் நடப்பதெல்லாம் வெக்டர் அல்ல.

இல்லஸ்ட்ரேட்டரின் எஃபெக்ட் மெனுவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள். மேல்பகுதிக்கு இல்லஸ்ட்ரேட்டர் எஃபெக்ட்ஸ் என்று தலைப்பு, கீழ்ப்பகுதிக்கு ஃபோட்டோஷாப் எஃபெக்ட்ஸ் என்று தலைப்பு. நீங்கள் போட்ட கலர் ஹாஃப்டோன், பிக்சலேட் என்ற பிரிவுக்குள், கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதை அழுத்தியதும் மென்பொருள் உங்கள் படத்தைப் பிக்சல்களாக்கி, அந்தப் பிக்சல்களில்தான் புள்ளிகளை வரைகிறது. கோப்பு வெக்டர் கோப்பாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் புள்ளிகள் ராஸ்டர்.

அந்தப் பிக்சல் எவ்வளவு பெரியது என்பதை அதே மெனுவில் உள்ள டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ் முடிவுசெய்கிறது. 72, 150, 300 என்று அளவுகள் தயாராக இருக்கும். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பது கணக்கு. திரைக்கென்று தொடங்கிய கோப்பானால் 72-இல் இருக்கும். அப்போது ஒரு பிக்சலின் அகலம் 0.35 மி.மீ. உங்கள் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அங்குலத்துக்கு 15 வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு உரிய கட்டம் 1.7 மி.மீ. அகலம். அதற்குள் ஐந்து பிக்சல்கூட முழுதாக அடங்காது. குறுக்கே ஐந்து சதுரங்களை வைத்துக்கொண்டு யாராலும் வட்டம் வரைய முடியாது. கலர் ஹாஃப்டோன் பெட்டி கேட்கும் மேக்ஸ் ரேடியஸ் என்ற எண்ணும் பிக்சல் கணக்குதான் என்பதையும் நினைவில் வையுங்கள்: 8 என்று கொடுத்தால் 72-இல் அது 2.8 மி.மீ., 300-இல் 0.7 மி.மீ.

சரி, 300 ஆக்கிவிட்டால் தீர்ந்ததா? பாதிதான் தீரும். பிக்சலால் ஆன வட்டத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியாமல் இருக்க, மென்பொருள் ஓரப் பிக்சல்களுக்குச் சாம்பல் நிறம் பூசும். இதற்கு ஆன்டி-அலியாசிங் என்று பெயர். படியை மறைக்கும் பூச்சு என்று புரிந்துகொள்ளலாம். திரைக்கு அது நல்லது. பிலிமுக்கோ சாம்பல் என்ற ஒன்றே கிடையாது: கறுப்பு, அல்லது வெறும் பிலிம். ஆகவே பிலிம் எடுக்கும் இடத்தில் உள்ள ரிப், அதாவது கோப்பைப் படித்து அச்சுக்கான புள்ளிகளாக மாற்றும் நிரல், அந்த ஓரச் சாம்பலைத் தன் வழக்கப்படி மேலும் நுண்ணிய புள்ளிகளாக உடைக்கிறது. உங்கள் ஒவ்வொரு பெரிய புள்ளியைச் சுற்றியும் அதன் குட்டிப் புள்ளிகள் ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் பார்த்த பிசிறு அதுதான். பிலிம் போட்டவர் மீது குற்றமில்லை. அவருடைய இயந்திரம் தனக்கு வந்த சாம்பலை உண்மையாக மொழிபெயர்த்திருக்கிறது.

மடிப்புகள் மறைந்த கதை சின்னது. இமேஜ் டிரேஸ் என்பது பிக்சல் படத்தைச் சுற்றிக் கோடு வரைந்து வெக்டர் ஆக்கும் வசதி. அதன் அட்வான்ஸ்டு பகுதியில் நாய்ஸ் என்று ஓர் எண் இருக்கும். இத்தனை பிக்சலுக்குக் குறைந்த திட்டுகளை அழுக்கு என்று கருதித் தள்ளிவிடு என்பது அதன் பொருள். இயல்பாக 25-இல் நிற்கும். ஐந்து பிக்சல் விட்டமுள்ள ஒரு புள்ளியின் பரப்பு இருபது பிக்சல்கூட இல்லை. வெள்ளைத் தலைப்பாகையின் மடிப்பைக் காட்டியவை இப்படிப்பட்ட மிகச் சிறிய புள்ளிகளே. மென்பொருள் அவற்றைத் தூசி என்று துடைத்துவிட்டது. நாய்ஸை 1 ஆக்குங்கள், வெள்ளையைத் தவிர்க்கும் இக்னோர் தேர்வை இயக்குங்கள், டிரேஸுக்கு முன்பே ராஸ்டர் அளவை 300-க்கு மேல் கொண்டுபோங்கள். பெரும்பாலான மடிப்புகள் திரும்பிவிடும். படத்தை முன்கூட்டியே கிரேஸ்கேல் ஆக்கி, கலர் ஹாஃப்டோன் பெட்டியில் உள்ள நான்கு கோணங்களையும் ஒரே எண்ணாக்கிவிடுவதும் அவசியம். அவை இயல்பாக 108, 162, 90, 45 என்று நான்கு மைகளுக்காக வைக்கப்பட்டவை. ஒற்றைக் கறுப்பில் அடிக்கும் வேலையில் நான்கு கோணப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இனி முகத்துக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

இங்க்ஸ்கேப்பில் நீங்கள் செய்தது சரியான வழி. டைல்டு குளோன்ஸ் என்ற வசதி ஒரு வட்டத்தைப் பிரதியெடுத்து வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு பிரதிக்கும் அடியில் படம் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று அளந்து, அந்த அளவுக்கு வட்டத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆக்குகிறது. இங்கே பிக்சல் இல்லை, ஓரச் சாம்பலும் இல்லை. ஆனால் "அந்த அளவுக்கு" என்று சொன்னேனே, அந்தச் சொல்லுக்குள்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. படம் 50 சதவீதம் கறுப்பு என்றால் மென்பொருள் வட்டத்தின் விட்டத்தைப் பாதியாக்குகிறது. கண்ணோ விட்டத்தைப் பார்ப்பதில்லை. கட்டத்தில் எவ்வளவு இடத்தை மை மூடியிருக்கிறது, எவ்வளவு இடம் வெள்ளையாக விடப்பட்டிருக்கிறது என்ற விகிதத்தைத்தான் அது சாயலாக உணர்கிறது. அதாவது பரப்பை. தோசையின் விட்டத்தைப் பாதியாக்கினால் மாவு பாதியா செலவாகிறது? கால்பங்குதான். மையும் அப்படியே.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் கட்டத்தின் அகலத்துக்குச் சமமான விட்டமுள்ள வட்டத்தோடு தொடங்கியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். சதுரக் கட்டத்துக்குள் முழுதாகப் பொருந்தும் வட்டம் அந்தச் சதுரத்தில் 78.5 சதவீதத்தை மட்டுமே மூடும். நான்கு மூலைகளும் வெள்ளை. ஆகவே உங்கள் படத்தில் முழுக் கறுப்பே 78.5-க்கு மேல் போகாது. 75 சதவீதச் சாயல் 44 ஆகிவிடும். 50 சதவீதம் 20 ஆகும். 25 சதவீதமோ வெறும் 5. முகத்தின் கன்னம், நெற்றி, மூக்கின் பக்கவாட்டு நிழல் எல்லாமே இந்த நடுச்சாயல்களில்தான் வாழ்கின்றன. மீசையும் கோட்டும் ஓரளவு தப்பித்திருக்கும்; கன்னம் வெளுத்திருக்கும். நீங்கள் எழுதியதும் அதுவே.

இந்தப் பரப்புக் கணக்கு கணினியோடு வந்த புதுப் பிரச்சினை அல்ல. புள்ளிகளின் அளவால் சாயலைக் காட்டும் ஹாஃப்டோன் முறை பிறந்த நாளிலிருந்தே அதன் உயிர் இதில்தான். 1852-இல் இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் வலைத்துணியை இடையில் வைத்துப் படத்தைக் கூறுபோடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் நாளிதழில், ஸ்டீபன் ஹோர்கன் தயாரித்த, குடிசைப் பகுதி ஒன்றின் புகைப்படம் ஹாஃப்டோனாக வெளிவந்தது. பின்னர் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிய கண்ணாடித் திரைகள் பரவின. அந்தத் திரையைப் புகைப்படத் தட்டுக்குச் சற்று முன்னால், ஒட்டாமல் நிறுத்துவார்கள். ஒவ்வொரு சிறு சதுர இடுக்கின் வழியாகவும் புகும் ஒளி, நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கியும் தட்டில் விழும். வெளிச்சம் அதிகமானால் மங்கிய ஓரமும் தட்டில் பதியும், புள்ளி பருக்கும். குறைந்தால் நடு மட்டும் பதியும். இடைவெளியும் லென்ஸின் துளையும் சரியாக அமைந்தால், வெளிச்சத்துக்கு ஏற்ற பரப்பை ஒளியே கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

அந்த இடைவெளி எவ்வளவு, துளையின் வடிவம் எப்படி என்பதை உலகமே கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்தபோது, கல்கத்தாவில் இருந்த ஒருவர் அதைக் கணிதமாக்கினார். உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. சத்யஜித் ராயின் தாத்தா. 1895-இல் சொந்தமாக அச்சு பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கியவர், 1897 முதல் 1912 வரை லண்டனிலிருந்து வந்த பென்ரோஸ் அச்சுக்கலை ஆண்டுமலரில் ஹாஃப்டோன் புள்ளியின் கோட்பாடு, திரையை எங்கே நிறுத்துவது, 60 பாகைத் திரை என்று தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். ஐரோப்பாவின் அச்சுத் தொழிலாளர்கள் கல்கத்தாவிலிருந்து வந்த எழுத்தைப் படித்துத் தங்கள் காமிராவைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர் ஒளியை வைத்துத் தீர்த்ததை நாம் இன்று ஒரு வர்க்கமூலத்தை வைத்துத் தீர்க்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வர்க்கமூலம் என்றதும் தயங்க வேண்டாம். விட்டத்தைப் பாதியாக்கினால் பரப்பு கால்பங்கு ஆகிறது என்றால், பரப்பைப் பாதியாக்க விட்டத்தை 0.707 மடங்கு ஆக்க வேண்டும்; பாதியின் வர்க்கமூலம் அதுதான். இங்க்ஸ்கேப் இதற்கான திருகாணியை டைல்டு குளோன்ஸ் பெட்டியிலேயே வைத்திருக்கிறது. டிரேஸ் தாவலில் காமா-கரெக்ட் என்று ஓர் எண் உண்டு. பூஜ்யத்தில் இருந்தால் அளந்த மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும். நேர்மறை எண் கொடுத்தால் நடுச்சாயல்களை மேலே தூக்கும். சரியாக 1 என்று கொடுத்தால் அது மதிப்பின் வர்க்கமூலத்தையே எடுக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

இனி செய்முறை. படத்தைக் கிரேஸ்கேலாக்கி இங்க்ஸ்கேப்பில் கொண்டுவாருங்கள். அதற்கு அடியில் ஒரு வெள்ளைச் செவ்வகம் போட்டுவையுங்கள். படத்துக்கு வெளியே தேவையற்ற புள்ளிகள் முளைக்காமல் இருக்க அது உதவும். புள்ளி வரிசை சாய்வாக வர வேண்டுமானால் வரிசையைச் சாய்க்க மெனக்கெடாதீர்கள். படத்தை எதிர்ப்பக்கம் அதே கோணத்துக்குச் சுழற்றிவிட்டு, எல்லாம் முடிந்தபின் புள்ளிகளை ஒரே குழுவாக்கித் திரும்பச் சுழற்றினால் போதும். பிறகு ஒரு கறுப்பு வட்டம், ஸ்ட்ரோக் இல்லாமல். ஸ்ட்ரோக் இருந்தால் வட்டத்தின் அளவு கணக்கில் பிசகும்.

வட்டத்தின் விட்டம் கட்டத்தின் அகலத்தைப் போல 1.13 மடங்கு இருக்கட்டும். அந்த விட்டத்தில் வட்டத்தின் பரப்பும் கட்டத்தின் பரப்பும் சமம் என்பதால், 78.5 சதவீதம் வரை சாயல் சரியாக வரும். அதற்கு மேல் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும்; முழுக் கறுப்பில் மூலைகளில் சுமார் 9 சதவீத வெள்ளை மிஞ்சும். கவலைப்படாதீர்கள், துணியில் மை பரவி அதை மூடிவிடும். வட்டம் கட்டத்தைவிடப் பெரியதாக இருப்பதால் பிரதிகள் நெருங்கி விழ வேண்டும். ஷிஃப்ட் தாவலில், ஒவ்வொரு பத்திக்கும் ஷிஃப்ட் எக்ஸ் கழித்தல் 11.4, ஒவ்வொரு வரிசைக்கும் ஷிஃப்ட் ஒய் கழித்தல் 11.4 சதவீதம் என்று கொடுங்கள். வட்டத்தைப் படத்தின் மேல் இடது மூலையில் வைத்து, எடிட் மெனுவில் குளோன், அதில் கிரியேட் டைல்டு குளோன்ஸ். டிரேஸ் தாவலில் அடியில் உள்ள படத்தை அளக்கும் தேர்வை இயக்கி, கலர் என்பதை எடுத்து, காமா 1 என்று வைத்து, மதிப்பை சைஸுக்கு மட்டும் கொடுங்கள். கறுப்பான இடத்தில் பெரிய புள்ளி தானாக வரும். முடிந்ததும் பிரதிகளைத் தேர்ந்தெடுத்து அன்லிங்க் செய்துவிட்டு, முதல் வட்டத்தையும் படத்தையும் அகற்றிவிடுங்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில் பிளெண்ட் கருவியால் பெரிய வட்டத்திலிருந்து சின்ன வட்டத்துக்குப் புள்ளிகளைத் தேய்த்துக்கொண்டே போவோர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பிளெண்டும் விட்டத்தைத்தான் சம இடைவெளியில் குறைக்கிறது. நடுப்பகுதி சட்டென்று வெளுக்கும். நடுவில் 0.707 மடங்கு விட்டமுள்ள மூன்றாவது வட்டத்தைச் செருகி, இரண்டு பிளெண்டாகச் செய்துபாருங்கள். தேய்வு எவ்வளவு சீராகிறது என்பதை உடனே காண்பீர்கள். கோரல்டிரா வைத்திருப்பவர்களுக்கு அதன் அண்மைப் பதிப்புகளில் பாயின்டிலைசர் என்ற வசதி இருக்கிறது. படத்தை நேரடியாக வெக்டர் புள்ளிகளாக்கும்.

துணி வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மையைத் தள்ளும் ஸ்க்யூஜியை இழுக்கும்போது மை புள்ளியின் எல்லையைத் தாண்டிப் பரவும். டாட் கெயின், அதாவது புள்ளி பருத்தல். பலரும் இதை எதிரியாகவே பார்க்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: திரையில் சரிபாதிச் சாம்பல் என்று எண்ணில் காட்டுவது, வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ 22 சதவீதத்தை மட்டுமே வெளியிடுகிறது. அதே இருட்டைத் துணியில் பெறப் பாதிக்கும் மேலான இடத்தை மை மூட வேண்டும். புள்ளி பருப்பது அந்த வித்தியாசத்தின் ஒரு பங்கை நமக்காக ஈடுகட்டிக்கொடுக்கிறது. ஆகவே பருத்தலை ஒழிக்க முயல வேண்டாம். எவ்வளவு பருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

சிறிய புள்ளிக்கு மெஷ்தான், அதாவது மை இறங்கும் ஸ்கிரீனின் வலைதான், எல்லை. அங்குலத்துக்கு 45 வரிசை, 230 மெஷ் என்று எடுத்துக்கொண்டால், கட்டம் 0.56 மி.மீ.; மெஷ்ஷில் ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்கு 0.11 மி.மீ. இந்தக் கட்டத்தில் 3 சதவீதப் புள்ளியின் விட்டமும் அதே 0.11 மி.மீ.தான். ஒரு கண்ணும் ஓர் இழையும் சேர்ந்த அகலம். அப்படிப்பட்ட புள்ளி இழைமேல் விழுந்தால் அடைபடும், கண்மேல் விழுந்தால் அச்சாகும். எது எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் வரிசை எண்ணைப்போல நான்கைந்து மடங்கு மெஷ் வேண்டும் என்பார்கள். உங்கள் வேலைக்கு 15 வரிசைதான் என்றால் மெஷ் பற்றிய கவலையே இல்லை. தலைப்பாகை மடிப்பின் மிகச் சிறிய புள்ளிகூடத் தாராளமாக நிற்கும். கோணத்தில் மட்டும் கவனம் தேவை. மெஷ்ஷின் இழைகள் நேராக ஓடும்போது புள்ளிகளும் நேர்வரிசையில் நின்றால், இரண்டு வரிசைகளும் மோதி அலையலையான கோலம் ஒன்று படத்தின்மேல் தெரியும். மொய்ரே என்பது அது. ஒற்றை நிறத்துக்குக் காகித அச்சில் 45 பாகை வழக்கம், சாய்ந்த வரிசைகளைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பதால். ஸ்கிரீன் அச்சில் 22.5 பாகை இன்னும் பத்திரமானது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் நாளைக்கு நிச்சயம் தேவைப்படும். வாடிக்கையாளர் வந்து, புள்ளியே தெரியாத அளவுக்கு நுணுக்கமாக வேண்டும், 45 வரிசையில் போடுங்கள் என்றால், தயவுசெய்து வெக்டரில் செய்யாதீர்கள். மார்புப் படம் 10 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்றால் 450-ஐ 540-ஆல் பெருக்க 2,43,000 புள்ளிகள். வட்டத்துக்கு நான்கு முனை என்றாலும் பத்து லட்சத்தை நெருங்கும் முனைகள். கணினி திணறும், ரிப் நிற்கும், கிடைக்கும் பலனோ எதுவுமில்லை. 15 வரிசையில் அதே படம் 27,000 புள்ளிகளில் முடிந்துவிடும். அதற்கு வெக்டர் அருமையான வழி. 45-க்கு, ரிப்பிடமே கிரேஸ்கேல் படத்தைக் கொடுத்து வரிசையும் கோணமும் சொல்லிவிடுங்கள். ரிப் இல்லாத இடமானால் ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேல் படத்தை பிட்மேப் மோடுக்கு மாற்றி, 1200 பிக்சல், ஹாஃப்டோன் ஸ்கிரீன், வட்டப் புள்ளி என்று கொடுங்கள். அதில் பிக்சல் ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை மட்டுமே. ஓரச் சாம்பல் இல்லாததால் ரிப் உடைப்பதற்கு எதுவும் இல்லை. படிக்கட்டின் ஒரு படி 0.02 மி.மீ.; பனியன் துணியில் அதை யாராலும் காண முடியாது. ஒற்றை நிற வேலையில் ராஸ்டர் வெக்டரை வெல்லும் இடம் இது.

காமிக்ஸ் பாணி வேண்டும் என்று கேட்டு வருவோரிடமும் எந்த வகைப் புள்ளி என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களிலும், 1960-களில் ராய் லிக்டன்ஸ்டைன் அவற்றைப் பார்த்து வரைந்த ஓவியங்களிலும் நாம் காணும் புள்ளிகள் பெரும்பாலும் ஹாஃப்டோன் அல்ல. அவை பென்-டே புள்ளிகள். 1879-இல் பெஞ்சமின் டே கண்டுபிடித்த முறையின் பெயரால் வழங்குபவை. அவற்றில் ஒரு நிறப்பரப்புக்குள் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அதற்குப் படத்தை அளக்கவே வேண்டாம். ஒரு பேட்டர்ன் ஃபில் போதும், ஐந்து நிமிட வேலை.

பாரதியார் பிலிமை எடுக்கும் முன் ஒரு சோதனைத் துண்டு போட்டுவிடுங்கள். 5, 10, 20 என்று 90 வரை சாம்பல் கட்டங்களை வரைந்து, அவற்றையும் மேலே சொன்ன வழியிலேயே புள்ளிகளாக்கி, அதே மெஷ், அதே மை, அதே துணியில் ஒருமுறை இழுங்கள். மை காய்ந்தபின் நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் எந்தக் கட்டத்தில் வெள்ளை அடைபடத் தொடங்குகிறது என்பது தெரியும். 80-க்கு மேல் அடைத்தால் விட்டுவிடலாம். 60-இலேயே அடைத்தால் உங்கள் மை அதிகமாகப் பரவுகிறது என்று பொருள். அப்போது காமா எண்ணை 1-லிருந்து 0.8, 0.6 என்று இறக்கி இன்னொரு துண்டு இழுத்துப் பாருங்கள். நடுக்கட்டங்கள் திறந்துகொள்ளும் எண்ணில் பிலிமைப் போடலாம்.